ஆன் ஆர்பரில் முதல் டிசம்பரா? ஊர் காலியாவதற்குள் செய்ய வேண்டியவை

ஆகஸ்ட் மாதம் இரண்டு பெட்டியோடு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கிற ஆன் ஆர்பரில் வந்து இறங்குகிறவர்களை இந்த ஊர் நன்றாக ஏமாற்றும். ஸ்டேட் தெருவில் நடக்க இடம் இருக்காது, பல்கலைக்கழகத்தின் நீலப் பேருந்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் யாராவது இலவசமாக பீட்ஸா கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆளுக்குப் பஞ்சமே இல்லை என்று நாமும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவோம். டிசம்பரில் கடைசித் தேர்வு முடிந்ததும் எல்லோரும் பெட்டியை உருட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓட, இரண்டே நாளில் ஊர் துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். நான் வந்த முதல் வருடம், டிசம்பர் 24 மாலை ஆறு மணிக்கு லிபர்ட்டி தெருவில் பத்து நிமிடம் நடந்தேன். எதிரே வந்தது ஒரே ஒருவர், அவரும் நாய்க்காக வெளியே வந்தவர்.

இது ஊரிலேயே தங்கப்போகிறவர்களுக்காக எழுதுவது. ஊருக்குப் போக டிக்கெட் எடுக்க முடியாத மாணவர்கள், அவர்களோடு வந்த கணவன்மார், மனைவிமார், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு, செய்ய வந்து ஆய்வகத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவர்கள். இங்கே ஒரே ஊருக்குள் இரண்டு ஊர் இருக்கிறது: ஒன்று பல்கலைக்கழகம், இன்னொன்று முப்பது நாற்பது வருடமாக இங்கேயே இருக்கும் ஊர்க்காரர்களுடையது. டிசம்பரில் முதல் ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். இரண்டாவது ஊரின் கதவை அதற்கு முன்பே, நவம்பரிலேயே தட்டி வைத்துவிட வேண்டும். விஷயம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் எப்படித் தட்டுவது என்பதுதான்.

நவம்பர் முதல் வாரம்: காலண்டர், நூலக அட்டை, கோட்டு

காலண்டரில் முதலில் குறிக்க வேண்டியது தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி கூறும் விருந்து நாள், நவம்பரின் நான்காவது வியாழன். அதற்கு அடுத்த சனிக்கிழமை, பரம எதிரியான ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துடன் அமெரிக்கக் கால்பந்தாட்டம். டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை மெயின் தெருவிலும் கெர்ரிடவுன் என்கிற சந்தைப் பகுதியிலும் இரவுக் கொண்டாட்டம். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் பல்கலைக்கழக அலுவலகங்கள் மூடியிருக்கும், அந்த நாட்களையும் வட்டமிட்டு வையுங்கள். ஒருவேளை கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைத்து நீங்கள் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கிளம்புவதாக இருந்தால், எஃப்-1 என்கிற மாணவர் விசாக்காரர்கள், பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 தாளில் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தக் கையெழுத்து ஒரு வருடம் செல்லும். டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உங்களைப் போலவே விட்டவர்கள் அத்தனை பேரோடும் சேர்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து நூலக அட்டை. பல்கலைக்கழக நூலகத்தைச் சொல்லவில்லை, ஃபிஃப்த் அவென்யூவும் வில்லியம் தெருவும் சேரும் முனையில் இருக்கிற ஊர்ப் பொது நூலகத்தைச் சொல்கிறேன். முகவரிக்குச் சான்றோடு போனால் அட்டை வாங்கலாம். புத்தகம் மட்டும் தருகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள், தொலைநோக்கி, இசைக்கருவிகள், சுவரில் மாட்ட ஓவியங்கள் எல்லாம் இரவல் தருகிறார்கள். குழந்தைகளுக்குக் கதை நேரம், பெரியவர்களுக்குக் கைவேலைப் பட்டறை என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும், எல்லாம் இலவசம். குறிப்பாக, கூட வந்த துணைவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டிலேயே இருக்கிறார் என்றால் முதல் அட்டை அவருக்குத்தான். இந்த ஊரில் மாணவ அடையாள அட்டை இல்லாதவருக்கும் பகல் முழுக்கக் கதகதப்பாக உட்கார ஓர் இடம், அப்புறம் நாலு வாரத்தில் முகம் பழகிப்போகும் நாலு பேர், இரண்டும் அங்கே கிடைக்கும்.

கோட்டும் பூட்ஸும் முதல் பனி விழுவதற்கு முன் வாங்குங்கள். புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, கிவானிஸ் அமைப்பு நடத்தும் பழைய பொருள் விற்பனையிலும் சவுத் இண்டஸ்ட்ரியலில் இருக்கும் பி.டி.ஓ. த்ரிஃப்ட் ஷாப் என்கிற பழைய பொருள் கடையிலும் நல்ல கோட்டுகள் வரும். பூட்ஸில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். குளிரைவிட ஈரம்தான் ஆளைப் படுத்தும், உப்பு போட்டு உருகிய பனிச்சேறு சாதாரண ஷூவுக்குள் பத்தே நிமிடத்தில் இறங்கிவிடும். டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும், காலையில் எட்டு மணி ஆகும் எட்டிப்பார்க்க. ஆய்வகத்துக்குள் இருட்டில் போய் இருட்டில் வருகிறவர்கள் மதியம் பதினைந்து நிமிடமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை, முதல் வருடம் பிப்ரவரியில் எதற்கென்றே தெரியாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தவன் நான்.

தேங்க்ஸ்கிவிங் அழைப்பு

நவம்பர் நடுவில் உங்கள் பேராசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஆய்வகத்தில் வேலை செய்யும் உள்ளூர்க்காரரோ வந்து "தேங்க்ஸ்கிவிங்குக்கு எங்கே போகிறாய்?" என்று கேட்பார். இது வெறும் விசாரிப்பு மாதிரி தெரியும். பாதி நேரம் அது அழைப்புக்கு முன்னோட்டம். "எங்கேயும் இல்லை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். "நண்பர்களோடு ஏதாவது செய்வேன்" என்று கௌரவத்துக்காகப் பூசி மெழுகினால் அவர் சரி என்று போய்விடுவார், இரண்டாவது தடவை வற்புறுத்துகிற வழக்கம் இவர்களிடம் கிடையாது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சாப்பிடும் நம் பழக்கம் இங்கே பட்டினியில்தான் முடியும்.

அழைத்தால் போங்கள். வருகிறேன், வரவில்லை, இரண்டில் ஒன்றை ஓரிரு நாளில் சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்பதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் நாற்காலி எண்ணிக்கொண்டிருப்பார்கள். கூட இன்னொருவரைக் கூட்டிப்போக வேண்டுமானால் முன்பே கேளுங்கள். இரண்டு மணி என்றால் இரண்டு அடித்துப் பத்து நிமிடத்துக்குள் போங்கள். ஒன்றரைக்கே போய் நின்றால் சமையலறையில் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு உங்களை உட்காரவைத்துப் பேசுவது கூடுதல் வேலை.

"என்ன கொண்டுவரட்டும்?" என்று கேளுங்கள். "ஒன்றும் வேண்டாம்" என்றாலும் ஒரு பூங்கொத்தோ ஒரு டப்பா இனிப்போ போதும். பாட்லக் என்றால், அதாவது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவது என்றால், கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் என் முதல் பாட்லக்குக்கு அலுமினியத் தட்டு நிறையப் புளியோதரை கொண்டுபோனேன். கடலை தாராளமாகப் போட்டது. மேஜையில் வைத்த ஐந்தாவது நிமிடம் வீட்டுக்கார அம்மாள் என்னைத் தனியாக அழைத்து, இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். கடலை என்றதும் ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டை அப்படியே மூடி எடுத்துப்போய் கராஜில் வைத்துவிட்டு, கையைச் சோப்பு போட்டு இரண்டு தரம் கழுவினார். அவருடைய பேரனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமையாம், மூச்சே நின்றுவிடும் அளவுக்கு. அதிலிருந்து எதைக் கொண்டுபோனாலும் ஒரு துண்டுத் தாளில் கடலை, முந்திரி, பால், கோதுமை, எள் எது இருந்தாலும் எழுதி ஒட்டிவிடுகிறேன். பரிமாறக் கரண்டியும் நீங்களே கொண்டுபோங்கள். தாளிப்பை உங்கள் வீட்டிலேயே, ஜன்னலைத் திறந்து வைத்து முடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காய்ந்த மிளகாய் வெடிக்கிற நேரத்தில் புகை அலாரம் அலறி விருந்தே வாசலுக்கு ஓடும்.

சைவக்காரர்களுக்குத் தனியாக நாலு வார்த்தை. வான்கோழியை விலக்கிவிட்டால் மீதியெல்லாம் சைவம் என்று நம்பாதீர்கள். ஸ்டஃபிங் என்கிற ரொட்டிப் பதார்த்தம் பெரும்பாலும் கோழிச் சாற்றில் செய்தது, சில வீடுகளில் வான்கோழியின் வயிற்றுக்குள்ளேயே வைத்து வெந்தது. கிரேவி அந்தப் பறவையிலிருந்து வடிந்த சாறுதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் வெள்ளையாக உருகியிருக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு. பை என்கிற இனிப்பின் மேலோட்டில் சிலர் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டால் சொல்லிவிடுவார்கள். கிரான்பெர்ரி சட்னி, மசித்த உருளைக்கிழங்கு, பூசணிப் பை இவற்றில் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். அழைப்பை ஏற்கும்போதே "நான் இறைச்சி சாப்பிடமாட்டேன், என் பங்குக்கு ஒன்று செய்துகொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

அழைப்பே வரவில்லையா? பல்கலைக்கழகத்தின் சர்வதேச மையத்திடம் கேளுங்கள், தேவாலயங்களும் வெளிநாட்டு மாணவர்களுக்கு விருந்து வைப்பதுண்டு. அதுவும் இல்லையென்றால் நீங்களே பத்துப் பேரைக் கூப்பிடுங்கள். போக இடமில்லாத சீனத்துக்காரரும் நைஜீரியக்காரரும் துருக்கிக்காரரும் உங்கள் மாடியிலேயேதான் இருக்கிறார்கள், நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று அவர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

தேங்க்ஸ்கிவிங் அன்று காலை பக்கத்துப் பெருநகரமான டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில் நடக்கிற ஊர்வலம் 1924-ல் தொடங்கியது. பெரிய பெரிய பலூன்கள், பள்ளி பேண்டு வாத்தியங்கள், குழந்தைகள் இருந்தால் ஒருமுறை போகலாம். ஆன் ஆர்பரின் ஊர்ப் பேருந்து அன்று ஓடாது, அதனால் கார் வைத்திருப்பவரை முந்தின வாரமே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம், குற்றமில்லை.

அந்தச் சனிக்கிழமை

கால்பந்தாட்டத்தில் உங்களுக்கு ஆர்வம் இல்லாமல் இருக்கலாம், எனக்கும் இன்றுவரை விதிகள் முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் அன்று தெரிந்திருக்க வேண்டியது உண்டு. 2020 கணக்கெடுப்பின்படி இந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 1,24,000. பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் உட்காரக்கூடியவர்கள் 1,07,601 பேர். கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒஹையோ ஸ்டேட்டுடனான ஆட்டம் ஒற்றைப்படை வருடங்களில் இங்கே, இரட்டைப்படை வருடங்களில் அவர்கள் ஊரான கொலம்பஸில். இங்கே நடக்கும் வருடம் ஸ்டேடியம் பக்கம் காரை எடுக்காதீர்கள், காய்கறி வாங்குவதை வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். அப்புறம், சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே போகாதீர்கள், அது எதிரணியின் நிறம். யாரும் அடிக்க மாட்டார்கள், ஆனால் அன்று முழுக்க முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் உங்களைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். மஞ்சளும் நீலமும் கலந்த ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டால் அதே ஆட்கள் தோளில் கைபோட்டுப் பேசுவார்கள். ஊர்க்காரர்களோடு பேச இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

டிசம்பர் முதல் வாரம்: ஊர் விழித்திருக்கும் இரவு

முதல் வெள்ளி இரவு மெயின் தெருக் கடைகள் நேரம் கழித்தும் திறந்திருக்கும், மரங்களில் விளக்கு. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கெர்ரிடவுன். அங்கே உழவர் சந்தைக் கொட்டகைக்குள் ஜெர்மானியக் கிறிஸ்துமஸ் சந்தை மாதிரி ஒன்று போடுவார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் நிறையக் குடியேறிய ஊர் இது. என் தனிப்பட்ட கருத்து, மெயின் தெருவைப் பத்து நிமிடத்தில் கடந்துவிட்டுக் கெர்ரிடவுனில் நேரம் செலவிடுங்கள். குழந்தைகள் கையில் விளக்கோடு சுற்றுவார்கள், சூடான சைடர் கோப்பையில் விரல்களைக் காயவைத்துக்கொண்டு கூட்டத்தோடு நிற்கலாம். சைடர் என்றால் இந்த நாட்டில் வடிகட்டாத ஆப்பிள் சாறுதான், ஹார்ட் சைடர் என்று போட்டிருந்தால் மட்டுமே மது, குடிக்காதவர்கள் பலகையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தின் ஹில் அரங்கில், ஹாண்டல் என்ற இசையமைப்பாளர் இயேசுவைப் பற்றி இயற்றிய மெசையாவைப் பாடுவார்கள். மேற்கத்திய இசை எனக்கு ஒத்துவராது என்று சொல்லாதீர்கள், இதற்காவது ஒருமுறை போங்கள். 1879-ல் பல்கலைக்கழகத்தாரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து இந்தப் படைப்பைப் பாடிப் பழக ஒரு குழுவாகக் கூடினார்கள். அதிலிருந்து அடுத்த வருடமே வளர்ந்ததுதான் இன்று ஊரின் பெரிய கச்சேரிகளையெல்லாம் நடத்துகிற யூ.எம்.எஸ். (யூனிவர்சிட்டி மியூசிக்கல் சொசைட்டி) அமைப்பு. பாடகர் குழுவில் இப்போதும் மாணவர்களும் ஊர்க்காரர்களும் கலந்துதான் நிற்பார்கள். மாணவர்களுக்குக் குறைந்த விலை டிக்கெட் உண்டு. இடைவேளையோடு சேர்த்து நீளமான நிகழ்ச்சி, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அல்லேலூயா பகுதி தொடங்கியதும் அரங்கம் மொத்தமும் திடுதிப்பென்று எழுந்து நிற்கும், நீங்களும் எழுந்துவிடுங்கள். எனக்கு யாரும் முன்பே சொல்லாததால் நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு வரிசையிலிருந்து வெளியேறப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி கையைப் பிடித்து நிறுத்தினார்.

இதே வாரங்களில்தான் அலுவலக விருந்துகளும் வரும். வொயிட் எலிஃபண்ட் என்றால் பயப்படாதீர்கள்: ஆளுக்கொரு பரிசைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து குவியலில் வைப்பது, சீட்டு எடுத்து வரிசைப்படி ஒன்றைப் பிரிப்பது, அல்லது ஏற்கெனவே பிரித்தவரிடமிருந்து பறித்துக்கொள்வது. பறிப்பதுதான் விளையாட்டே, மரியாதை பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் சுவாரசியம் கெட்டுவிடும். சொன்ன விலை வரம்பைத் தாண்டி வாங்க வேண்டாம். வாழ்த்துச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் என்ன கொண்டாடுகிறார் என்று தெரியாவிட்டால் ஹாப்பி ஹாலிடேஸ் போதும். இங்கே யூதக் குடும்பங்கள் நிறைய, அவர்களுடைய ஹனுக்கா பண்டிகையும் இந்தக் காலத்தில்தான் வரும்.

யாருமில்லாத பத்து நாள்

கிறிஸ்துமஸ் அன்றும் புத்தாண்டு அன்றும் ஊர்ப் பேருந்து கிடையாது, நீலப் பேருந்துகள் அதற்கு முன்பிருந்தே குறைந்துவிடும். அரிசி, பருப்பு, பால், மருந்து எல்லாம் 23-ம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். நீங்களே நாலு நாள் வெளியூர் போவதாக இருந்தால் ஹீட்டரை முழுதாக அணைத்துவிட்டுப் போகக் கூடாது. 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறக்காதீர்கள், தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் மிச்சம் பிடித்த மின்கட்டணத்தைப் போலப் பல மடங்கு போகும். கடிதங்களைத் தபால் துறையே 3 நாள் முதல் 30 நாள் வரை இலவசமாக நிறுத்தி வைக்கும்.

ஊரிலேயே இருந்தால் போக இடம் இருக்கிறது. பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகம், மாஸ்டடான் என்கிற, அழிந்துபோன யானை போன்ற விலங்கின் எலும்புக்கூடு நிற்கிற இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், இரண்டுக்கும் கட்டணமில்லை, ஆனால் திறந்திருக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள். லிபர்ட்டி தெருவில் 1928-ல் திறந்த மிச்சிகன் தியேட்டரில் பழைய ஆர்கன் ஒன்று இன்னும் ஒலிக்கிறது. வெட்டரன்ஸ் பார்க் மேட்டில் பனிச்சறுக்குப் பலகையோடு குழந்தைகளை விட்டால் மாலைவரை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்குப் பிடித்தது டிக்ஸ்பரோ சாலையில் இருக்கும் மத்தாய் தாவரவியல் தோட்டம். வெளியே பனி கிடக்க, கண்ணாடிக் கூடத்தின் கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படியும், துடைத்துவிட்டுப் பார்த்தால் முன்னால் வாழை. ஈர மண்ணின் வாசனை ஒன்று வரும் பாருங்கள், அதற்காகவே நான் அங்கே அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் நோவை நகரில் வேங்கடேசுவரர் கோயில், காரில் அரைமணி நேரம். புத்தாண்டன்று கூட்டம் இருக்கும், காரில் இடம் கேட்க அதுவே நல்ல சாக்கு. சிகாகோவுக்கு ரயில் இருக்கிறது, ஏறக்குறைய ஐந்து மணி நேரம், ஆனால் இந்த வாரத்துக்கான டிக்கெட்டை நவம்பரிலேயே எடுத்திருக்க வேண்டும்.

கை கொடுக்க

தன்னார்வ வேலைக்குப் போனால் ஊர்க்காரர்கள் தாமாகப் பழக்கமாவார்கள். 1988 முதல் இயங்கும் ஃபுட் கேதரர்ஸ், கடைகளில் மிஞ்சும் நல்ல உணவைச் சேகரித்துத் தேவைப்படுவோருக்குக் கொடுக்கிற அமைப்பு. பொட்டலம் பிரிக்க, தரம் பார்க்க ஆள் வேண்டியிருக்கும். தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் ஊரே உதவ வரும், உங்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம், ஜனவரியில் பதிவு செய்யுங்கள், அப்போதுதான் ஆள் குறைவு. விசா பற்றி ஒரு எச்சரிக்கை: எஃப்-1 விசாவிலும், அவர்களோடு வந்த குடும்பத்தாருக்கான எஃப்-2 விசாவிலும் இருப்பவர்கள் இப்படிப்பட்ட தொண்டு நிறுவனங்களில் சம்பளமில்லாமல் உதவலாம். வழக்கமாகச் சம்பளம் கொடுக்கிற வேலையை ஒரு கடையிலோ கம்பெனியிலோ "சும்மா பழகிக்கொள்கிறேன்" என்று இலவசமாகச் செய்தால் அது தொண்டில் சேராது, பின்னால் சிக்கல் வரும். சந்தேகம் இருந்தால் சர்வதேச மையத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஜனவரியில் வகுப்புகள் தொடங்கி நீலப் பேருந்து மறுபடி நிரம்பும்போது மிச்சிகன் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா அறிவிப்பும் வந்திருக்கும். குழந்தைகளின் நடனத்துக்குப் பெயர் கொடுக்கும் தேதி நீங்கள் நினைப்பதைவிட முன்னாலேயே முடிந்துவிடும், அதையும் அந்த நவம்பர் காலண்டரிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.